சகாதேவன் வீட்டு முகப்பு

வாசற்கதவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரக் கறை இருந்தது. சகாதேவன் ஒரு லிட்டர் வெள்ளை பெயிண்ட் வாங்கிவந்து அதை மறைத்த பிறகுதான், மீதிச் சுவர் முழுக்கப் பழுப்பு என்பது தெரிந்தது. முன்பு கறை ஒன்றுதான் அசிங்கமாக இருந்தது. இப்போது அந்த ஓரிடம் மட்டும் அழகாக இருந்தது.

வேறு வழியில்லாமல் முகப்பு முழுக்கப் பெயிண்ட் அடித்தார்.

சகாதேவன் மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேங்கிக்காலில் இருக்கும் இந்த வீட்டை ஒவ்வொரு செங்கல்லாகத் தட்டிப் பார்த்துக் கட்டினதாகச் சொல்வார். கேட்காதவர்களுக்கும் சொல்வார். அதை இப்போது விற்றாக வேண்டும். ஓசூரில் மகள் மணிமொழி குடியிருக்கும் அடுக்குமாடியிலேயே கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியாகிறது. அதன் சொந்தக்காரர் பௌர்ணமி வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சகாதேவனின் மனைவி, முட்டி வலிக்காரி கஸ்தூரி, பேத்தி பக்கத்திலேயே இருக்கப் போகிறாள் என்ற நினைப்பில் பாத்திரங்களை மனதுக்குள் மூட்டை கட்டிவிட்டிருந்தாள்.

கஸ்தூரியின் தம்பி முருகவேல் கீழ்பென்னாத்தூரில் வீட்டு புரோக்கர். உள்ளே பாத்ரூமை மட்டும் கொஞ்சம் சரிபண்ணி வையுங்கள், மீதியை இரண்டு பர்சென்ட்டுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் போனில் சொன்னபோது சகாதேவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் வீட்டை விக்க எனக்கு புரோக்கரா? வெளிய நின்னு பார்த்தாலே வாங்கிடுவான். நீ பார்த்துக்கிட்டே இரு."

ஆக, செலவு கம்மியாக, பத்தே நாளில், முகப்பை மட்டும் ஜோராக்கிவிடுவது என்று திட்டம் போட்டார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் எதிர்வீட்டு மொய்னுதீன் பாயின் வராந்தாவில் போய் உட்காருவார். பாய் பஜாரில் செருப்புக் கடை நடத்தி ஓய்ந்தவர். ஆற அமரப் பேசுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர். அவர் மனைவி முன்னி பேகம் டீ கொண்டுவந்து வைப்பார். சகாதேவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் வீட்டைத் தானே ரசிப்பார்.

"ஜோரா இருக்கு சார்," என்றார் பாய். "முருங்கைதான் கொஞ்சம் ஜாஸ்தியா மறைக்குது."

மறுநாள் முருங்கை விழுந்தது. அந்த மரத்தில் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்த கம்பளிப்பூச்சிகள் போக்கிடம் இல்லாமல் நேரே புதுச் சுவரில் ஏறின. அன்று சாயங்காலம் கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவியோடு வீடு பார்க்க வந்தார். அந்த அம்மாள் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே சுவரைப் பார்த்தார். சுவர் நகர்ந்தது. அவர் இறங்கவே இல்லை.

பூச்சிகளுக்கு மருந்து அடித்ததில் சுவரில் மஞ்சள் திட்டுகள் விழுந்தன. அதை மறைக்க வெள்ளைக்கு மேல் இளநீலம் அடித்தார். இளநீலம் அமர்க்களமாக இருந்ததால் கேட்டின் துரு பளிச்சென்று தெரிந்தது. கேட்டுக்குப் பச்சை அடித்தார். அது காய்வதற்குள் தசரதன் என்ற பள்ளிக்கூட வாத்தியார் வந்து, கேட்டில் சாய்ந்து நின்று பக்குவமாக விலை பேசினார். திரும்பியபோது அவர் வெள்ளை வேட்டியில் ஆறு பச்சைக் கம்பி. பேச்சு அதோடு முடிந்தது.

சகாதேவன் அசரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து யோசித்ததில் குறை எங்கே என்று பிடிபட்டுவிட்டது. மொட்டை மாடியில் இருந்த தகரக் கொட்டகைதான் குறை. இரண்டு நாள் முதுகை ஒடித்துக்கொண்டு அதைப் பிரித்தார். பிரித்துவிட்டு ஓடிவந்து எதிர்வராந்தாவில் நின்று பார்த்தார்.

நீலச் சுவர், பச்சை கேட், அதற்குப் பின்னால் அண்ணாமலை முழுசாக எழுந்து நின்றது. சகாதேவன் கண்ணைச் சுருக்கவே மறந்துபோனார். இருபது வருஷமாக இவ்வளவு பெரிய மலையைத் தகரம் போட்டு மூடி வைத்திருந்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. தன் வீடு தனக்கே இவ்வளவு பிடித்துப்போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கொட்டகையில் இருந்த சாமான்கள் எல்லாம் படுக்கையறைக்குள் இறங்கின. ஓடாத மூன்று டேபிள் ஃபேன், உடைந்த தொட்டில், மிஞ்சிப்போன டைல்ஸ். கதவு ஒரு சாண் மட்டும்தான் திறந்தது. கஸ்தூரி ஹாலில் பாய் விரித்துப் படுத்து, ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"வாங்கறவங்க வாசல்லயே குடியிருக்கப் போறாங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் பௌர்ணமி.

காலை எட்டு மணிக்கு, கிரிவலத்துக்காகச் சென்னையிலிருந்து வந்த இளவரசனும் ரேவதியும் வீடு பார்க்க வந்தார்கள். சகாதேவன் அவர்களை உள்ளே அழைக்கவில்லை. கையைப் பிடிக்காத குறையாக எதிர்ப்பக்கம் கூட்டிப்போனார்.

"முதல்ல இங்க உட்காருங்க. இந்த வீட்டை இங்கிருந்துதான் பார்க்கணும்."

காலை வெயில் நீலச் சுவரில் நேராக விழுந்தது. மலைமேல் மேகம் தொட்டுக்கொண்டு நின்றது. முன்னி பேகம் டீ கொடுத்தார். வேலூரில் இருக்கும் மகன் சாகில் தங்களையும் அங்கேயே வரச்சொல்லித் தொல்லை பண்ணுவதைப் பாய் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரேவதி கண் எடுக்காமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். சகாதேவன் ஒவ்வொரு செங்கல்லின் கதையையும் சொன்னார். இளவரசன் செங்கல் சூளை வரைக்கும் பொறுமையாகக் கேட்டான்.

பிறகு வீட்டுக்குள் போனார்கள். ஐந்தே நிமிஷம். படுக்கையறைக் கதவின் ஒரு சாண் இடுக்கைக் காட்டி, அது ஸ்டோர் என்று சொல்லிச் சமாளித்தார். பாத்ரூமை எட்டிப் பார்த்த இளவரசன் மரியாதையாகத் தலையை ஆட்டினான். கொஞ்சம் பேசிவிட்டு வருகிறோம் என்று இருவரும் வெளியே போய் மறுபடி அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்தார்கள். பேச்சு நீண்டது. பாய்கூட அவர்களோடு சேர்ந்து தலையசைப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. நமக்காகப் பேசுகிறார், நல்ல மனுஷன் என்று சகாதேவன் நெகிழ்ந்துபோனார்.

அரை மணி நேரம் கழித்து இளவரசன் கடைத்தெருப் பக்கம் போய் ஸ்வீட் பாக்ஸோடு திரும்பினான். அதைப் பார்த்ததும் சகாதேவனுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே முருகவேலுக்கு போன் போட்டார்.

"முடிஞ்சுது மாப்ள. புரோக்கர் இல்லாம, வெளிய நின்னு பார்த்தே முடிச்சுட்டாங்க."

இருவரும் உள்ளே வந்தார்கள். கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடிக்காமலேயே எழுந்து நின்றாள். சகாதேவன் ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அட்வான்ஸ் என்றைக்குத் தருவதாக உத்தேசம் என்று மெல்லக் கேட்டார்.

"இப்பதான் குடுத்துட்டு வர்றோம் அங்கிள், பாய்கிட்ட," என்றான் இளவரசன்.

மைசூர்பாகு தொண்டையிலேயே நின்றது. ரேவதி வாசற்கதவு வழியே கையை நீட்டி நீலச் சுவரை ஆசையாக ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இந்த வீட்டுக்குள்ள இருந்தா இந்த வீடு தெரியாதே அங்கிள், அதான் எதிர்வீட்டை வாங்கிட்டோம், நீங்க மட்டும் இதை யாருக்கும் வித்துடாதீங்க."