இருபத்தொன்பது கையெழுத்தும் ஓர் உள்குத்தும்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. உங்கள் தெருவில் அரசாங்கம் ஒரு விளக்கு போட்டால் நீங்களும் நானும் "பரவாயில்லை, வெளிச்சம் வந்தது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இவர் போகமாட்டார். கம்பத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்து, குரலை ஒரு படி இறக்கி, "இந்தத் தெருவுல மட்டும் ஏன் போட்டான்னு யோசிச்சீங்களா?" என்று கேட்பார். நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். அதுதான் அவருக்கு வேண்டும்.

இந்த வகைக்கு நான் வைத்திருக்கும் பெயர் உள்குத்து ஆராய்ச்சியாளர். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். செய்தித்தாளில் எல்லோரும் அச்சான எழுத்தைப் படிக்கும்போது இவர் நடுவிலே உள்ள வெள்ளையைப் படித்துக்கொண்டிருப்பார். "அது வெளியில சொல்றது" என்று ஆரம்பிப்பார். "டைமிங்கைப் பாருங்க" என்று நடுவில் நிறுத்துவார். "நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று முடிப்பார், அதையே ஒன்பது பேரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாலும். எந்த மந்திரியையும் இவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் மந்திரி பல் தேய்க்கும்போது என்ன நினைத்தார் என்பதுவரை இவருக்குத் தெரியும். "ஒருவேளை பழைய பல்பு ஃபியூஸ் ஆகியிருக்கும், அதான் மாத்தியிருக்காங்க" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். உங்களைத் தொட்டில் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

எனக்குத் தெரிந்த உள்குத்தார் எங்கள் மில் ஊர்க்காரர். நூல் மில்லின் டைம் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் கிளார்க். தாமதமாக வருகிறவன் சொல்லும் காரணத்தைப் பதிவேட்டிலும், அவன் சொல்லாத காரணத்தைத் தன் மனசிலும் எழுதிக்கொள்வது அவர் வழக்கம். "சைக்கிள் பஞ்சர்" என்று எழுதிக்கொண்டே, மாமியார் வந்திருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அப்படிப் பழகிய கண்ணை மில் மூடிய பிறகு வீணாக்க முடியுமா? மாகாண அரசாங்கத்தின் பக்கம் திருப்பிவிட்டார்.

மில் மூடிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. காலைச் சங்கு ஊதுவது நின்றுபோயிற்று. ஆனால் ஊர் அதே நேரத்துக்கு எழுந்து, பல் தேய்த்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் நின்றது. முதலில் தொழிலாளர் அலுவலகத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பிறகு சாயங்கால பஸ்ஸை நிறுத்தினார்கள். "போன தேர்தல்ல நம்ம ஊர் அவங்களுக்கு ஓட்டுப் போடலை. அதுக்குத்தான் பஸ்ஸு" என்றார் உள்குத்தார். இரண்டு மாதம் கழித்து, போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வாய் தவறி அதையே சொல்லிவிட்டார். அச்சு அசலாக அதே காரணம்.

வினையே அங்கேதான் ஆரம்பித்தது. சரியாகச் சொன்னவன் பேச்சை ஊர் கேட்காமல் இருக்குமா?

அப்புறம் ஒரு திங்கட்கிழமை அந்த உத்தரவு வந்தது. ஆற்றோரம் இருக்கும் இரண்டு மில்களை, எங்கள் ஊருடையதையும் மேல்கரை ஊருடையதையும், அரசாங்கமே எடுத்து ஒரு ஷிப்டாக நடத்தும். ஒரே நிபந்தனை. அந்தந்த மில்லின் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேர், பழைய பணிமூப்பை விட்டுக்கொடுத்துப் புதிதாகச் சேரச் சம்மதம் என்று இருபத்தொரு நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் மில்லில் அறுநூற்று நாற்பது பேர். நானூற்று எண்பது கையெழுத்து வேண்டும். மில் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த காவலாளி அறையில் ஒரு மேஜையைப் போட்டு, ஒரு பெண் அதிகாரியை உட்காரவைத்து, நீல நிற ஃபாரம் ஒரு கட்டு கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் காலை கேட்டுக்கு எதிரே இருந்த முடிதிருத்தும் கடை நிறைந்துவிட்டது. முடி வெட்டிக்கொள்ள வந்தவர் ஒருவர். மற்ற பதினைந்து பேரும் உள்குத்தாரைக் கேட்க வந்தவர்கள்.

"இடைத்தேர்தல் எப்போ?" என்று ஆரம்பித்தார். "அஞ்சு மாசத்துல. மில்லு மேல பாசம் எப்போ வருது? இப்போ. டைமிங்கைப் பாருங்க. ஓட்டுக்காகத் தொறக்கிறான், ஓட்டு விழுந்ததும் மறந்துடுவான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அரை மணி கழித்து அடுத்த கூட்டம் வந்தது. அதற்குள் அவர் இன்னும் ஆழமாகப் போயிருந்தார்.

"முக்கால்வாசின்னு ஏன் வெச்சான்? பாதின்னு வைக்கக்கூடாதா? நம்மால முடியாதுன்னு தெரியும், அதான். மந்திரியோட மருமகனுக்கு ஆத்தோர நிலத்து மேல கண்ணு. மில்லு தொறக்கவே கூடாதுங்கறதுதான் அவங்க திட்டம். பழி மட்டும் நம்ம தலையில விழணும்."

முடிதிருத்துபவர் கத்திரியை நிறுத்தினார். "அண்ணே, முன்னாடி தொறக்கத்தான் பாக்கிறான்னீங்க. இப்போ மூடப் பாக்கிறான்னு சொல்றீங்க. ரெண்டுல எது?"

"ரெண்டும்தான். அதான் அரசியல்" என்றார் உள்குத்தார்.

அதற்கும் தலையாட்டினார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். கையெழுத்துப் போடாதீர்கள் என்று அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. சத்தியமாகச் சொன்னதில்லை. விளக்கத்தான் செய்தார். விளக்கத்தைக் கேட்டுவிட்டு எழுந்தவர்கள், நேரெதிரே பத்தடி தூரத்தில் இருந்த காவலாளி அறைக்குப் போகாமல், இடது பக்கமாகத் திரும்பி வீட்டுக்குப் போனார்கள். ஏமாறவில்லை என்ற திருப்தி அவர்கள் நடையிலேயே தெரிந்தது.

அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, அந்த மில்லில் ஃபிட்டர். எந்த மெஷின் எந்தச் சத்தம் போட்டால் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லக்கூடிய ஆள். பதினாலு மாதமாகக் கிணற்று மோட்டாரும் மாவு மெஷினும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண் குழந்தைகள். மூன்றாம் நாள் நீல ஃபாரத்தைப் பூர்த்தி செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர், போகிற வழியில் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம் என்று நினைத்தது அவருடைய மரியாதை.

"போடு மாப்ளே, நான் வேண்டாங்கலை" என்றார் உள்குத்தார். "ஆனா ஒண்ணு யோசி. பேரு, விலாசம், எல்லாம் எழுதி வாங்கறான். எதுக்கு? யார் யாரு விட்டுக்கொடுக்கிற ஆளுன்னு ஒரு லிஸ்ட் அவன் கைக்குப் போகுது. நாளைக்கு அந்த லிஸ்ட் எங்க போகும்?"

"எங்க போகும் மாமா?"

"அதைத்தான் யோசிக்கச் சொல்றேன்."

ஃபிட்டர் யோசித்தார். திருகு என்றால் அவருக்கு விடை தெரிந்திருக்கும். ஃபாரம் பையிலேயே இருந்தது. சட்டை துவைக்கப் போனது. நீலம் பையில் இறங்கிற்று.

உள்குத்தாரின் மனைவி அதே மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். முதல் நாளே கையெழுத்துப் போட்டவர்களில் அவர் ஏழாவது. அதை ஒளிக்கவும் இல்லை. சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னார்.

"போட்டுட்டேங்க."

"அவன் எதுக்குச் செய்றான்னு தெரிஞ்சுமா?"

"ஓட்டுக்குத்தான் செய்றான். அதுல என்ன சந்தேகம்?" என்றார் அந்த அம்மாள். "செய்யட்டுமே. மந்திரி மனசு சுத்தமா இருந்தாதான் நூலு சுத்துமா? கரண்டு இருந்தா போதும்."

உள்குத்தார் சிரித்தார். இந்தச் சிரிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள், இனத்தின் இன்னோர் அடையாளம் அது. ரொம்ப எளிமையாகப் பேசுகிறவர்கள்மேல் வரும் இரக்கச் சிரிப்பு.

அந்த அம்மாள் மேற்கொண்டு வாதாடவில்லை. ஒரு கட்டு ஃபாரத்தை வாங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக ஏறி இறங்கினார். கோன் சுற்றும் பிரிவுப் பெண்கள் கிட்டத்தட்ட எல்லோரும் போட்டார்கள். நூற்கும் பிரிவில் பாதிப் பேர் போட்டார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் கடைசியில் ஓர் ஆள், "அக்கா, உங்க வீட்டுக்காரரே இதுல உள்குத்து இருக்குன்னு சொல்றாரே?" என்று கேட்டார். புருஷனை ஊரில் விட்டுக்கொடுக்க முடியுமா? "நீங்களே யோசிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுப் படி ஏறினார். அவர்கள் யோசித்தார்கள். ஏற்கெனவே ஒருவர் யோசித்து வைத்திருந்ததை.

இருபத்தொன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதிகாரி கணக்கை முடித்தார். வாசலில் காத்திருந்த பெண்களிடம் வந்து, எங்கேயும் பார்க்காமல், "நானூத்து அம்பத்தொண்ணு" என்றார்.

இருபத்தொன்பது குறைச்சல். தன் கடை வாசலில் நின்று இதைக் கேட்ட முடிதிருத்துபவர், அவ்வளவு பேர் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் கடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். சொல்லவில்லை. வாடிக்கையாளர்கள்.

கட்டை எடுத்து வைத்துக்கொண்டே அந்த அதிகாரி உள்குத்தாரின் மனைவியைப் பார்த்து, "நீங்க உங்க பங்குக்கு நல்லாவே செஞ்சீங்கம்மா. உங்க வீட்டுக்காரர்கூட இன்னைக்கு நாலே முக்காலுக்கு வந்து போட்டுட்டுப் போனாரே" என்றார்.

அந்த அம்மாள் நேரே வீட்டுக்கு நடந்தார். உள்குத்தார் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துவைத்திருந்தார்.

"ஏங்க, நீங்க போட்டீங்களா?"

அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

"ஏன் போட்டீங்க?"

ஊரில் நடந்த ஒவ்வொரு காரியத்துக்கும் பின்னால் இருப்பதைச் சொல்லக்கூடிய மனிதர், தான் செய்த ஒரு காரியத்துக்கு ஒரு காரணம் சொல்ல முடியாமல் பக்கத்தைத் திருப்பினார். "சும்மா... ஒண்ணு கிடக்கட்டுமேன்னு" என்றார்.

"அதை அந்தக் கடையில வெச்சுச் சொல்லியிருக்கலாமே" என்றார் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் எதையும் விளக்கவில்லை.

மேல்கரை ஊரில் முக்கால்வாசிக்கு மேலேயே கையெழுத்து விழுந்திருந்தது. அங்கேயும் உள்குத்தார்கள் இல்லாமலா இருப்பார்கள்? இருந்திருப்பார்கள். சந்தைக்குப் போகிற அவசரத்தில் யாரும் நின்று அவர்கள் பேச்சைக் கேட்டிருக்க மாட்டார்கள். இடைத்தேர்தலுக்கு மூன்று வாரம் முன்னால் மந்திரி வந்து, நாடா வெட்டி, முக்கால் மணி நேரம் தன் தாயைப் பற்றிப் பேசி, ஓட்டுக் கேட்டார். ஓட்டும் விழுந்தது. ஜெயித்த பிறகு அந்தப் பக்கம் அவர் எட்டியே பார்க்கவில்லை. மில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த ஞாபகமாக யாரும் வரவில்லை.

எங்கள் ஊர் மில் நிலத்தைப் பற்றியும் தகவல் உண்டு. மருமகன் வாங்கிவிட்டார்.

ஆக, உள்குத்தார் சொன்ன இரண்டுமே சரி. தேர்தலும் சரி, மருமகனும் சரி. தன் வாழ்நாளில் இவ்வளவு சரியாக அவர் எதையும் சொன்னதில்லை. "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்று அவர் கேட்டால் ஊரில் ஒருவராலும் மறுக்க முடியாது. கேட்கவும் செய்கிறார். ஆனால் முன்போல் பதினைந்து பேர் இல்லை. பலர் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள்.

ஃபிட்டரும் போனார். துறைமுக ஊரில் கிரேன் ரிப்பேர் வேலை. குடும்பத்தை அழைத்துப்போக இடமில்லை, பெண்கள் இங்கேதான் படிக்கிறார்கள். புறப்படுகிற அன்று பெட்டியோடு வந்து சொல்லிக்கொண்டார்.

"மாமா, அன்னைக்கு நீங்க சொன்னது அத்தனையும் அப்படியே நடந்துச்சு மாமா" என்றார். குத்திக்காட்டவில்லை. உண்மையான மரியாதையோடுதான் சொன்னார்.

உள்குத்தார் குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பஸ் நிற்கும் இடம்வரை, நல்ல கனமான பெட்டி அது, கை மாற்றாமல் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அவர் மனைவி இன்னும் பதினோரு பெண்களோடு ஒரு வேன் பேசிக்கொண்டு மேல்கரை மில்லுக்குப் போகிறார். அங்கே கோன் சுற்ற ஆள் பற்றவில்லையாம். அரசாங்கம் எதற்காக மில்லைத் திறந்தது என்று அவரிடம் யாராவது கேட்டால், "எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சுங்க" என்கிறார்.

சரி, இதெல்லாம் யாரோ ஒருவரைப் பற்றித்தானே என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். இருங்கள். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது, 'இவன் ஏன் இதை இப்போது எழுதுகிறான்? யார் எழுதச் சொன்னார்கள்? மந்திரிக்கு வக்காலத்தா, மருமகனுக்கா?' என்று ஒரு சின்னக் கேள்வி உங்களுக்குள் எழுந்ததா? எழுந்திருந்தால் நல்லது, கூர்மையான புத்தி உங்களுக்கு. நீங்கள் நினைப்பது சரியாகவும் இருக்கலாம். அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை இறக்கிச் சொல்வதற்கு முன்னால், உங்கள் சட்டைப் பையில் என்ன காகிதம் கிடக்கிறது, அதற்கு என்றைக்குக் கடைசி நாள் என்று மட்டும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.