எல் போர்டுக்கு நான்கு படையெடுப்பு

பரீட்சையில் தோற்றவர்களிடம் காரணம் எப்போதும் தயாராக இருக்கும். காய்ச்சல், கேள்வித்தாள் கடினம், பேனா எழுதவில்லை. என்னிடமும் இருந்தது. முதல் தடவை தோற்றதற்குக் காரணம் என் மாமியார். இரண்டாம் தடவை தோற்றதற்குக் காரணம் என் மாமனார். (அவர் காலமாகி அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அவசரப்படாதீர்கள், சொல்கிறேன்.) மூன்றாம் தடவைதான் பழி போட ஓர் ஆளும் கிடைக்கவில்லை.

ஏதோ கலெக்டர் பரீட்சை என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்கூட்டர் பழகுவதற்கு முன்னால் வாங்கவேண்டிய எல்.எல்.ஆர். பரீட்சை. பத்துக் கேள்வி, நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும், ஆறு சரியாக இருந்தால் போதும். எங்கள் தெருவில் காலேஜ் போகிற பிள்ளைகள் டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டுப் போகிற சமாசாரம்.

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு மாசி மாதம் இது தொடங்கியது. அருப்புக்கோட்டையில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், ஏணியில் நின்று மேல்தட்டிலிருந்து ஒரு கட்டு பைப்பை இழுத்தார். பைப்பு வந்தது. கூடவே அவரும் வந்தார். வலது கணுக்காலில் மாவுக்கட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது.

கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் இருந்த மூன்று ஏக்கர் பருத்திக்குத்தான் ஆள் இல்லை. காய் வெடித்து வெள்ளை வெளேரென்று நின்றது. பருத்தி எடுக்க வருகிற பெண்கள் காலை ஆறரைக்கு வந்துவிடுவார்கள். நான் பஸ் பிடித்து, இறங்கி, இரண்டு மைல் நடந்து போய்ச் சேரும்போது மணி பத்தாகிவிடும். கொட்டகைச் சாவி என்னிடம். பருத்தியை அடைக்கிற பெரிய தாட்டுச் சாக்கும் தராசும் அதற்குள். வானம் வேறு சாயங்காலமானால் கறுத்துக்கொண்டிருந்தது. நனைந்த பருத்தியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வாசலில் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சும்மா நின்றது. சின்ன வயதில் நான் சைக்கிளில் பறந்தவள். ரெண்டு நாள் பழகினால் போதும்.

"சாவிய எடுத்துட்டுக் கெளம்பு கோமதி. ஊருல பாதிப் பேரு லைசென்ஸு இல்லாமத்தான் ஓட்டுறான்" என்றார் அவர், கட்டிலில் சாய்ந்தபடி.

"அந்தப் பாதியில நான் இல்லங்க. எல்.எல்.ஆர். கைக்கு வராம சாவியத் தொடமாட்டேன்" என்றேன்.

(இந்த இடத்தில் நான் தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் பி.காம். ஒரு அரியர் கிடையாது. சாயங்காலத்தில் தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் வேறு எடுத்துக்கொண்டிருந்தேன்.) அதோடு நிற்காமல், சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸப் குழுவில், 'நாளை முதல் நான் வண்டி ஓட்டுகிறேன்' என்று போட்டேன். சித்தப்பா ஒருவர், 'எந்த ரோடு என்று முன்கூட்டியே தெரிவிக்கவும்' என்று பதில் போட்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் செல்வி எனக்காக விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள்.

"அக்கா, ஆபீசுக்கே போகவேண்டாம். வீட்டுல உக்காந்தே எழுதலாம். ஆனா கேமரா ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கும். நீங்க அங்கிட்டு இங்கிட்டுத் திரும்பக் கூடாது. வேற ஆளு மூஞ்சி தெரியக் கூடாது. மூணு தடவ எச்சரிக்க வரும், அப்புறம் கட்டாயிரும்" என்றாள்.

வீட்டிலேயே பரீட்சை! இதைவிட வசதி உண்டா என்று மகிழ்ந்தேன். எங்கள் வீட்டைப் பற்றித் தெரிந்தவள் செய்யக்கூடிய காரியமா அது?

மறுநாள் பதினொரு மணிக்குக் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். வீட்டுக்காரரைக் கட்டிலோடு ஓரம் தள்ளியாயிற்று. அத்தையிடம், "பரீட்ச முடியிற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீக" என்று சொல்லியாயிற்று. அத்தையும் தலையாட்டினார்கள். மூன்று கேள்விகள் நன்றாகப் போயின. நான்காவது கேள்வியில், 'பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால்...' என்று வாசிக்கும்போது என் நெற்றியில் ஒரு கட்டைவிரல் பதிந்தது.

"திருச்சுழி கோயில் துன்னூறு தாயி. பூசிக்கிட்டு எழுது. பாஸாயிருவ."

திரையில் சிவப்பு எழுத்து: ஒன்றுக்கு மேற்பட்ட முகம் தெரிகிறது.

"அத்த, போங்க போங்க!"

"அதென்ன சேப்பா எழுதிருக்கு?" என்று அத்தை இன்னும் குனிந்து உற்றுப் பார்த்தார்கள். இரண்டாம் எச்சரிக்கை. நான் அவர்களை நகர்த்துவதற்காகத் திரும்பினேன். திரும்பக் கூடாதாமே. மூன்றாம் எச்சரிக்கை. கட்.

கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மாவுக்கட்டு போட்ட மனிதருக்கு அத்தனை சிரிப்பு ஆகாது.

இரண்டாவது படையெடுப்புக்கு முன்னேற்பாடுகள் பலம். அத்தையின் பின்கட்டு அறைக்குள் போய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். லைட்டைப் போட்டுச் சுவரோரமாக நாற்காலியில் உட்கார்ந்தேன். ஓர் ஈ உள்ளே வர வழியில்லை.

முதல் கேள்விக்கே சிவப்பு எழுத்து வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட முகம் தெரிகிறது.

 அறையில் நான் மட்டும்தான் இருக்கிறேன். கண்ணை மட்டும் உருட்டி இடமும் வலமும் பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடி சிவப்பு. பூட்டிய அறைக்குள் என்னோடு இன்னொருவர் இருப்பதாக ஒரு மிஷின் அடித்துச் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நான் எழுந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அங்கே இரண்டு பித்தளை அண்டாக்களும் ஒரு பழைய மிக்சியும் இருந்தன. நிமிர்வதற்குள் பரீட்சை முடிந்திருந்தது.

செல்விக்குப் போன் போட்டேன். அவள் சாவகாசமாக, "பின்னாடி போட்டோ எதுவும் மாட்டியிருக்கா அக்கா?" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். சுவரில், சந்தன மாலைக்கு நடுவில், எங்கள் மாமா முறைத்துக்கொண்டிருந்தார். பெரிய படம். மாலைக்கு மேலே சின்ன பல்பு வேறு எரிந்து அவர் முகத்தைத் துலக்கமாகக் காட்டியது.

கதவைத் திறந்து விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரர் தலையணையைக் கடித்துக்கொண்டு குலுங்கினார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக உள்ளே போய், படத்துக்கு முன்னால் நின்றார்கள்.

"அப்ப அவுக இருக்காகன்னு கம்ப்யூட்டரே சொல்லிருச்சா?"

"படத்தப் பாத்து ஆளுன்னு நெனச்சிருச்சு அத்த."

"எப்படியோ. ஒம்பது வருசமா நான் சொல்லுறேன், அவுக என்னையப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காகன்னு. ஒருத்தரும் நம்பல." முந்தானையால் கண்ணாடியை அழுந்தத் துடைத்தார்கள். "கவர்மெண்டு மிஷினு பொய் சொல்லுமா?"

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. நான் தோற்றதாக அல்ல. மாமா வந்து போனதாக. நான்கைந்து பேர் வந்து படத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பாட்டி என்னிடமே வந்து, "குடுத்து வச்சவத்தா நீ" என்றாள். தோல்விக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்தது எனக்கு மட்டும்தான் இருக்கும்.

ஆனால் பருத்தி காத்திருக்காதே. மனித முகமே இல்லாத இடம் வேண்டும் என்று யோசித்தேன். பருத்திக் காட்டுக்கே போய் எழுதுவதென்று முடிவு செய்தேன். மறுநாள் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பருத்தி எடுக்க ஆள் திரட்டி வருபவள் காளியம்மாள். என் வயதுதான் இருக்கும். வாய்க்கு முன்னால் எதுவும் நிற்காது. வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைத்ததும், விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். உடனே கட்டளை பறந்தது.

"ஏத்தா, எல்லாரும் அக்காவுக்கு முன்னாடிப் பக்கம் வாங்க. பின்னாடி ஒருத்தி தலை தெரியப்படாது. பேசுனா வகுந்துருவேன்."

பன்னிரண்டு பெண்கள் லேப்டாப்புக்கு அந்தப் பக்கம் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார்கள். எனக்குப் பின்னால் வெறும் பருத்திச் செடி. சிவப்பு எழுத்து வரவே இல்லை. முகம் இல்லை, இரைச்சல் இல்லை, போனிலிருந்து வந்த நெட்டும் கச்சிதம். பத்துக் கேள்வியையும் முடித்தேன்.

பத்துக்கு நான்கு. தோல்வி.

இங்கேதான் உண்மையைச் சொல்ல வேண்டும். மாதிரிக் கேள்விகள் என்று செல்வி கொடுத்த தாள்களை நான் வாசித்துப் புரிந்துகொள்ளவில்லை. முதல் கேள்விக்கு இரண்டாவது விடை, அடுத்ததற்கு நான்காவது, அதற்கடுத்ததற்கு மூன்றாவது என்று எண்களை மட்டும் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்திருந்தேன். (டியூஷனில் மனப்பாடம் செய்கிற பிள்ளையைத் தோப்புக்கரணம் போடச் சொன்னவள் நான்தான்.) பரீட்சையில் கேள்வியும் விடையும் இடம் மாறி வந்திருந்தன. குறுகிய பாலத்தில் எதிரே வண்டி வந்தால் நான் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திச் செல்வதாகப் பதில் சொல்லியிருந்தேன்.

"பாஸாக்கா?" என்றாள் காளியம்மாள்.

பன்னிரண்டு முகங்கள். வேலையை விட்டுவிட்டு எனக்காக மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். எனக்கு நாக்கு புரண்டது.

"சிக்னலு போயிருச்சு காளியம்மா. இந்தக் காட்டுக்குள்ள நெட்டு நிக்க மாட்டேங்குது."

சொல்லி வாயை மூடவில்லை, போன் அடித்தது. வீடியோ அழைப்பு. அத்தையின் முகம், மூக்குத்திக் கல் மின்னுவதுகூடத் தெரிகிற மாதிரி, பளிச்சென்று வந்தது.

"என்ன தாயி, பாஸாயிட்டியா? அடேங்கப்பா, பருத்தியெல்லாம் எம்புட்டுத் தெளிவாத் தெரியுது!"

 காளியம்மாள்தான் முதலில் வெடித்துச் சிரித்தாள். மற்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். மூடிய தலைப்புக்குள் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எத்தனக்கா வாங்குனீக? மறைக்காமச் சொல்லுங்க."

"நாலு."

"அப்பிடி என்னதான் கேட்டான்?"

மதியம் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மரத்தடியில் நான் கேள்விகளை வாசித்தேன். அவர்கள் பதில் சொன்னார்கள். தினமும் பந்தல்குடிப் பக்கம் தூத்துக்குடி ரோட்டோரமாக, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறவர்கள். எந்த விடையையும் அவர்கள் மனப்பாடம் செய்யத் தேவை இருக்கவில்லை.

"கோடு போட்ட எடத்துல ஆளு ரோட்டக் கடந்தா என்ன செய்யணும்?"

"நிப்பாட்டணும். இதையும் கேக்கணுமா? கடக்குறதே நாங்கதான!"

"வளைவுல முந்தலாமா?"

"முந்துனா நேரா ஆசுபத்திரிதான்."

"எதிர்ல வண்டி வரும்போது ராத்திரி லைட்ட என்ன செய்யணும்?"

இதில் மட்டும் சண்டை வந்தது. அணைக்க வேண்டும் என்று இருவர், குறைக்க வேண்டும் என்று காளியம்மாள். "லைட்ட அணைச்சா அவன் ஒன்னைய எப்பிடிடீ பாப்பான்? தாழ்த்தி அடிக்கணும்" என்று அவள் போட்ட போட்டில் இருவரும் அடங்கினார்கள். எனக்கும் அன்றுதான் ஒவ்வொரு விடைக்கும் ஒரு காரணம் இருப்பது உறைத்தது.

மறுநாள் அதே மரம், அதே ஸ்டூல், அதே வரப்பு, அதே பொத்திய வாய்கள். பத்துக்கு ஒன்பது. எழுந்து நின்று கையை உயர்த்தியதும் அவர்கள் போட்ட குலவைச் சத்தத்தில் பக்கத்துக் காட்டில் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்க முதலில் ஓடியது நான்தான். வேறு எப்படி என் சந்தோஷத்தைக் காட்டுவது என்று தெரியவில்லை.

வெள்ளைத் தகட்டில் சிவப்பு எல் எழுதி, ஸ்கூட்டரின் முன்னாலும் பின்னாலும் மாட்டினேன். நான்கு நாள் காலையிலும் மாலையிலும் மைதானத்தில் பழகினேன். ஐந்தாம் நாள் விடிந்தும் விடியாமலும் கிளம்பி, ஆறேகாலுக்குக் காட்டில் இருந்தேன். காளியம்மாள் வந்து பார்க்கும்போது கொட்டகை திறந்து, தாட்டுச் சாக்கு விரித்துக் கிடந்தது. அந்த வாரக் கடைசியில் கோடை மழை கொட்டியது. எங்கள் பருத்தி அதற்கு முதல் நாளே உள்ளே வந்திருந்தது. மழைச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் காளியம்மாள் செல்வி கடையில் போய் உட்கார்ந்து தானும் எல்.எல்.ஆர். வாங்கினாள். ஒரே தடவை. பத்துக்குப் பத்து. "ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்ததையே அவனுக்கும் சொன்னேன்" என்றாள். இப்போது சிலநாள் ரெட்டியபட்டிக்குப் பாதை பிரியும் விலக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு என்னைக் கடந்து போகிறாள்.

எனக்கு முழு லைசென்ஸ் வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அந்த எல் தகடுகளை நான் கழற்றவில்லை. அதைப் பார்த்ததும் தூத்துக்குடி ரோட்டு லாரிக்காரர்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கும் அழகே தனி. கால் சரியான வீட்டுக்காரரும் வேறு வழியில்லாமல் அதே வண்டியில்தான் கடைக்குப் போய் வருகிறார். இருபத்தைந்து வருடமாக வண்டி ஓட்டும் மனிதர்.

போன வாரம் கடைவாசலில் அவர் ஸ்கூட்டரை நிறுத்தும்போது பக்கத்துக் கடைக்காரர் சத்தம் போட்டுக் கேட்டாராம்: "என்ன அண்ணாச்சி, இன்னுமா பழகுறீக?"

இவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாராம்: "வாத்தியாரம்மா இன்னும் பாஸ் போடல."