பதினோராவது நொடியில் ஒரு விசில்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. நம்பாமலேயே பத்துப் பேருக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன், அது தனி வெட்கம். நம்பாததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். தன் வீட்டிலேயே இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்த ஒன்றை ஒரு மனிதனால் கவனிக்காமல் இருக்க முடியுமா? அதுவும் காதை வைத்துப் பிழைக்கிற மனிதனால்? "அப்படியும் ஆம்பளைங்க இருக்காங்க" என்றார், இதை எனக்குச் சொன்னவர். எங்கேயோ இருக்கலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆள் யாரென்றால், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் காதுப் பரிசோதகர். ஆஸ்பத்திரியில் சத்தம் புகாத ஒரு சின்ன அறை. அதற்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, "பீப்னு கேட்டா கையைத் தூக்குங்க" என்பார். பகல் முழுக்க ஊரார் கையைத் தூக்க வைப்பது உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் இவர் தூக்குவார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

அவரிடம் அடர்பச்சையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. மேல் துணியை மடக்கிவிட்டால் வானம்தான் கூரை. அவரைவிட இரண்டு வயது மூத்தது, அந்த மரியாதையோடுதான் தொடுவார். கிலோமீட்டர் முள் என்றோ படுத்துவிட்டது. பக்கத்து சீட்டின் கதவுக்கு மட்டும் ஒரு குணம். கைப்பிடியை மேலே தூக்கி, முழங்காலால் கீழே ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். இதெல்லாம் சொன்னவர் சொன்னது.

இவரோடு சேர்த்து, பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்த எட்டுப் பேருக்கு ஒரு குழு. அதில் பல் டாக்டரையும் தையற்கடைக்காரரையும் தெரிந்துகொண்டால் இந்தக் கதைக்குப் போதும். அந்த வண்டிகளுக்குக் கடையில் சாமான் கிடைக்காது, பார்த்துப் படிக்கப் புத்தகமும் கிடைக்காது. ஒருவர் பட்டுக் கற்றதை இன்னொருவருக்குச் சொன்னால்தான் எட்டு வண்டியும் ஓடும். அதனால் குழுவுக்கு இரண்டு சட்டம். கேட்டவருக்கு எதையும் மறைக்கக் கூடாது. கேட்காதவர் வண்டியில் வாயும் வைக்கக் கூடாது, கையும் வைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒவ்வொருவரும் தன் வண்டியை ஸ்டார்ட் செய்து, அரை நிமிடச் சத்தத்தைப் போனில் பதிந்து குழுவுக்கு அனுப்ப வேண்டும். இதில் நம் ஆள் ராஜா. ஒருமுறை பல் டாக்டரின் வண்டி திரும்பும்போதெல்லாம் 'கடக் கடக்' என்றது. பேரிங் போச்சு என்று ஆறு பேர் துக்கம் விசாரித்தார்கள். இவர் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் இல்ல டாக்டர், கதவுக்குள்ள எதுவோ உருளுது. கடிக்கிற சாமான் மாதிரி இருக்கு" என்றார். கதவைப் பிரித்தார்கள். முழுசாக ஒரு செயற்கைப் பல் செட் விழுந்தது. அன்று முதல் குழுவில் அவர் பெயர் 'காது'.

அந்தப் பெயர்தான் அவரைக் கெடுத்தது.

குழு தொடங்கிய மூன்றாவது வருடம், ஒரு ஞாயிறு. சத்தத்தைப் பதிந்து அனுப்பிய கையோடு, எஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டரைத் தானே பிரித்துச் சுத்தம் செய்துவிடுவது என்று முடிவெடுத்தார். பிரித்தார். துடைத்தார். மாட்டினார். மாட்டி முடித்த பிறகு மேஜைமேல் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பித்தளைத் துண்டு மிச்சம் இருந்தது. வண்டி இருமியது, தும்மியது, அடங்கியது.

குழுவில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஏழு பேரும் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து வந்திருப்பார்கள். ஆனால் ஊருக்கே வைத்தியம் சொல்கிறவர் எப்படிப் போய் எனக்கு உடம்பு சரியில்லை என்று படுப்பார்? நாக்கு எழவில்லை. பித்தளைத் துண்டைப் பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் போட்டு, பீரோவில் கைக்குட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார். அடுத்த ஞாயிறு, போன ஞாயிறு பதிந்த சத்தத்தையே மறுபடி அனுப்பினார். அதற்கடுத்த ஞாயிறும் அதையே. "அருமையா ஓடுது காது!" என்று பதில் வந்தது. ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒரு அங்குலம் குறுகினார். குறுகிக்கொண்டே ஏழு வருடம் அனுப்பினார்.

குழுவை ஏமாற்றினால் போதாதே, வீட்டையும் ஏமாற்ற வேண்டும். ஷெட் வீட்டின் பின்னால், பின்பக்கச் சந்துக்குள் திறக்கும். ஞாயிறு காலை அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, மடியில் ஒரு ஸ்பீக்கரை வைத்து அதே சத்தத்தை அலற விடுவார். மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து விசாரிப்பாள்.

"என்னங்க, ஓடுதா?"

"ஜம்முனு ஓடுது!"

"புகையையே காணோமே?"

"நல்ல வண்டின்னா புகை வராது."

"பெட்ரோல் வாசனைகூட வரலையே?"

அடுத்த வாரம் ஒரு துணியைப் பெட்ரோலில் நனைத்து ஷெட் கதவில் தொங்கவிட்டார். இன்னொரு ஞாயிறு,

"என்னங்க, நான் இன்னும் குக்கரே வைக்கலை. விசில் எங்கேருந்து வருது?"

"பக்கத்து வீடா இருக்கும்."

"அவங்க ஊருக்குப் போய் நாலு நாளாச்சே."

"அப்ப எதிர் வீடு. இந்தா, காது விஷயத்துல எனக்கே பாடம் எடுக்கறியா நீ?"

அவள் குக்கரை வைக்கப் போய்விட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். இந்த இடத்தில் சொன்னவர் எப்போதும் சிரிப்பார்.

கடைசி இரண்டு வருடத்தில் வண்டியில் சில அதிசயங்கள் நடந்தன. மாதம் ஒருமுறை காற்றடித்த டயர்களில் காற்றே இறங்கவில்லை. டயர் கம்பெனிக்காரன் நல்லவன் என்று நினைத்தார். தூசி படியவில்லை. மேல் உறை தரமானது என்று நினைத்தார். கண்ணாடியில் பின்பக்கம் தெரியாமல் தன் மோவாய் தெரிந்தது. கழுத்து நீண்டுவிட்டதோ என்று தடவிப் பார்த்துக்கொண்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி, வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது.

"சாயங்காலம் ரெண்டு பிஸ்கட்கூட வேண்டாமாங்க?"

"வேண்டாம். உடம்பு போட்டுடுச்சு."

"யாரு சொன்னா?"

"வண்டி சொல்லுது. வயிறு ஸ்டியரிங்ல இடிக்குது. போன வாரம்கூட இடிக்கலை."

"ஒரே வாரத்துலயா! ஐயோ பாவம்" என்று அந்த பிஸ்கட்டையும் அவளே சாப்பிட்டாள்.

ஆறு மாதம் சர்க்கரை இல்லாத டீ. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. தையற்கடைக்காரர் இரண்டு முறை இறுக்கித் தைத்துக் கொடுத்தார், வாயைத் திறக்காமல். கன்னம் ஒட்டிப்போனது. வயிறு ஸ்டியரிங்கில் இடிப்பது மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் குழுவில் அறிவிப்பு வந்தது. 'குழு தொடங்கிப் பத்து வருடம். வரும் ஞாயிறு எல்லோரும் காது வீட்டு வாசலில் கூடுகிறோம். முதல் சுற்று அவர் வண்டியில்.'

அவர் கையில் மிச்சம் இருந்தது பத்து வருடத்து மரியாதை ஒன்றுதான். அது ஞாயிற்றுக்கிழமையோடு சரி. மூன்று நாள் யோசித்து ஒரு திட்டம் போட்டார்.

"இந்தா, ஒரு உதவி பண்ணணும்."

"சொல்லுங்க."

"அவங்க வரும்போது, ஷெட் சாவியைத் தொலைச்சுட்டேன்னு நீ சொல்லணும்."

"நான் எதுக்குத் தொலைக்கணும்? நீங்க தொலைச்சதா சொல்லுங்களேன்."

"நான் தொலைச்சா கேவலமில்ல?"

"நான் தொலைச்சா?"

"நீ தொலைச்சா... சகஜம்."

"சரி, கொடுங்க. பத்திரமா தொலைச்சுடறேன்."

எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று நிஜமாகவே வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஏழு வண்டிகள் வரிசை கட்டின. ஏழு எஞ்சின் மூடிகளும் திறந்தன, ஏழு தலைகளும் மாறி மாறி உள்ளே போயின. மனைவி எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு, "பிஸ்கட் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்" என்று பின்வாசல் வழியாகப் போனாள்.

"எங்கே காது, வண்டியை எடுங்க" என்றார் பல் டாக்டர்.

"அதை ஏன் கேக்கறீங்க டாக்டர்... வீட்டுல சாவியைத் தொலைச்சுட்டா."

"அதனால என்ன? எதையும் பிடுங்க என்கிட்ட சாமான் இருக்கு. பூட்டைப் பிடுங்கிடுவோம்."

"ஐயோ வேண்டாம்! பழைய பூட்டு. ராசியான பூட்டு."

நெற்றி வியர்த்தது. கைக்குட்டையை எடுத்தார். அப்போது தெருக்கோடியில் ஒரு வண்டிச் சத்தம். ஹெட்போன் மாட்டிய நோயாளியைப் போல அவர் கை தானாக மேலே போயிற்று.

"இருங்க, இருங்க. யாரோ வர்றாங்க. நாலு சிலிண்டர். டாப்பெட் போன மாசம்தான் சரி பண்ணியிருக்காங்க. சைலன்சர்ல லேசா ஒரு கிழிசல், ஆனா அதுவும் ஒரு அழகு. அடடா, வெச்சுக்கத் தெரிஞ்சவன் கையில இருக்கய்யா வண்டி! யாரு இவன்? நம்ம குழுவுல சேத்துக்கணும்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தையற்கடைக்காரர்தான் மெதுவாகச் சொன்னார்: "சேத்து ரெண்டு வருஷமாச்சுண்ணே."

அடர்பச்சை வண்டி முனை திரும்பி வந்தது. ஓட்டுநர் சீட்டில் அவர் மனைவி. பக்கத்து சீட்டில் பிஸ்கட் பை. ஏழு வண்டிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஒரே வளைப்பில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி, "சாவி கிடைச்சிடுச்சுங்க" என்றாள்.

தூக்கிய கையை எப்போது இறக்கினோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"டாக்டர்... உங்களுக்கெல்லாம் எப்பத்திலேருந்து தெரியும்?"

"மூணாவது வாரத்திலேருந்து. பதினோராவது நொடியில உங்க வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடிக்கும். ஏழு வருஷமா அதே விசில், அதே நொடி. எங்க வீட்டுல அதைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்துவாங்க."

"ஒருத்தர்கூடச் சொல்லலையே?"

"நீங்க கேக்கலையே காது. கேப்பீங்க, கேப்பீங்கன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பார்த்தோம்."

"அப்ப இவளுக்கு மட்டும்?"

"அவங்க கேட்டாங்க."

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, டீயோடு ஷெட்டுக்குப் போனவள் கதவு இடுக்கில் பார்த்திருக்கிறாள். ஓடாத வண்டியில், மடியில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சிரிக்கத்தான் வாயைத் திறந்தாளாம். அந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. டீயோடு திரும்பிவிட்டாள். மறுநாள் கைக்குட்டை அடுக்கும்போது மூக்குக்கண்ணாடிப் பெட்டி கிடைத்தது. அதே வாரம் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி பேச முடியாமல், பித்தளைத் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். "இது யாரோட பல்லும்மா?" என்று கேட்டாராம் டாக்டர். அப்புறம் உற்றுப் பார்த்துவிட்டு நோயாளியை மறந்து எழுந்து நின்றாராம்.

"மாட்டறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார் காதுப் பரிசோதகர்.

"இருபது நிமிஷம்" என்றார் டாக்டர், தன் காலணியைப் பார்த்துக்கொண்டே. "அதுலயும் பத்து நிமிஷம் டீ. அப்புறம் அவங்க ஒவ்வொண்ணா கேட்டாங்க, நாங்க ஒவ்வொருத்தரா மத்தியானத்துல வந்து சொல்லிக் கொடுத்தோம். நீங்க டூட்டியில இருப்பீங்க."

அவர் வண்டியின் மூடிமேல் கை வைத்தார். சூடாக இருந்தது. ஏழு வருடமாக அந்தத் தகரத்தின் குளிர்ச்சிதான் அவருக்குத் தெரியும். பத்து வருடத்தில் முதல் முறையாக, குழுவைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார்.

"எனக்குக் கார்புரேட்டரைத் திருப்பிச் சேர்க்கத் தெரியாது. யாராவது சொல்லிக் கொடுக்கறீங்களா?"

ஏழு பேரும் ஒன்றாக அவர் மனைவியைக் கை காட்டினார்கள்.

"வர்ற ஞாயிறு ஒன்பது மணிக்கு ஷெட்டுக்கு வாங்க" என்றாள் அவள். "அப்புறம், இனிமே டீக்குச் சர்க்கரை போட்டுக்கலாம். எனக்குக் கால் எட்டாதுன்னு சீட்டை முன்னாடி இழுத்து வெச்சிருந்தேன்."

இதுதான் கதை. ரசித்தேன், நம்பவில்லை. இரண்டு வருடம் ஒன்றும் தெரியாமல் ஒருவன் இருந்தான் என்பதை எந்தப் புத்தியுள்ளவன் நம்புவான் என்று, கேட்டவர்களிடமெல்லாம் நானே கேட்டிருக்கிறேன்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். "வாங்க சார், ஒரு சுற்று போகலாம்" என்று காதுப் பரிசோதகர் வண்டியில் ஏறினார். நான் பக்கத்து சீட்டுப் பக்கம் போய்க் கதவை இழுத்தேன். திறக்கவில்லை. அழுத்தினேன், ஆட்டினேன். என் மனைவி தன் தோழியான அவர் மனைவியோடு பேசிக்கொண்டே வந்தாள். பேச்சை நிறுத்தாமல், கதவைப் பார்க்காமல், கைப்பிடியை மேலே தூக்கி முழங்காலால் ஒரு இடி இடித்தாள். கதவு திறந்தது. "ஏறுங்க" என்றாள்.

ஏறினேன். சுற்று முழுவதும் காதுப் பரிசோதகர் என்ன பேசினார் என்று தெரியவில்லை. எனக்கு வேறொன்று நினைவில் ஓடியது. அந்த இரண்டு வருடமும் நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் என் மனைவி கண்ணாடி முன் நின்று தலைமுடியில் சிக்கெடுத்துக்கொண்டிருப்பாள். என்ன ஆச்சு என்றால், "காத்துங்க" என்பாள். வீட்டுக்குள் ஏது அவ்வளவு காற்று என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்தக் கதையைக் கதவோடும் குக்கரோடும் எனக்குச் சொன்னவர் வேறு யாருமில்லை, அவள்தான். வீட்டுக்கு நடந்து திரும்பும்போது தெருமுனை வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. பல வருடம் கழித்து ஒருவழியாகக் கேட்டே விட்டேன்.

"ஏம்மா, அது ரெண்டு சீட்டு வண்டியாச்சே... ஓட்டினது அவங்க. பக்கத்து சீட்ல உக்காந்து போனது யாரு?"