அண்ணியைத் தனியே விடாத ஊழியம்

மல்லவி,
புதன்கிழமை.

என் மதிப்பிற்குரிய இன்ஷிரா அண்ணி அவர்களுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்களுக்கும், ஜிர்ஜா ஊரில் உங்களைச் சேர்த்துக்கொண்ட உங்கள் அக்காவுக்கும், அவர்கள் மொட்டைமாடியில் வளர்க்கும் புறாக்களுக்கும் உண்டாவதாக. இங்கே நான் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. நீங்கள் போனை அணைத்து வைத்திருப்பதால், சொல்ல வேண்டியதை எல்லாம் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் கோயில் பாதிரியார் அபூனா சாரபாமூன் அன்றைக்குப் பிரசங்கத்தில், "நம்ம சபையில வயசானவங்க ஒருத்தர்கூட தனியா இருக்கக் கூடாது, யார் முன்வருவீங்க?" என்று கேட்டதும், தபாலாபீஸில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து யாரும் என்னை எதற்கும் கேட்காத ஏக்கத்தில் நான் கையைத் தூக்கிவிட்டேன். உடனே என்னையே தலைவராக்கி, முதியோர் சந்திப்பு ஊழியம் என்று பெயரும் வைத்துவிட்டார். "முதல்ல யார் வீடு?" என்று எல்லோரும் என் முகத்தைப் பார்க்க, லபீப் அண்ணன் இறந்துபோன பிறகு நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள் என்று உங்கள் பெயரைச் சொன்னேன். உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், அண்ணி. தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், ஆனாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும். ஊழியக் குழுவிலிருந்து ஓடெட் டீச்சர் வந்து சங்கீதம் வாசித்துவிட்டுப் போக, அது தெரியாமல் அடுத்து வந்தவர்களும் அதே சங்கீதத்தை வாசிக்க, "நான் இன்னும் சாகலையேம்மா!" என்று நீங்கள் சொன்னதை அவர்கள் விசுவாச அறிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். இறைச்சியில்லா நோன்பு தொடங்கியதும் ஆளுக்கொரு பாத்திரம் அவித்த மொச்சை கொண்டுவந்து, அடுப்படியில் இடமில்லாமல் நீங்கள் குளியலறையில் அடுக்க வேண்டியதாயிற்று. இன்ஜினியர் ஸகரி ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் பார்த்தார். அது ஏறிக்கொண்டே போனது. தனிமையால்தான் ஏறுகிறது என்று குழு கூடி முடிவுசெய்து, போகிற ஆட்களை இரண்டு மடங்காக்கினோம். தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான்தான்.

அப்போது நீங்கள் போன் செய்தீர்கள்.

"நாஷித், உன் ஆளுங்களை நிறுத்தச் சொல்லுப்பா."

"அடுத்த கூட்டத்துல வைக்கிறேன் அண்ணி."

"சரி, நீ ஏன் வர்றதே இல்ல?"

"நேரம் எங்க அண்ணி? உங்க விஷயமாத்தானே ஓடிக்கிட்டு இருக்கேன்!"

நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். எனக்கு உறைக்கவில்லை. வியாழக்கிழமைதோறும் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, உங்களோடு டீ குடித்து, டிவி தொடரில் வரும் மருமகளை நீங்கள் திட்டுவதைக் கேட்டுவிட்டுப் போவேனே, அந்த வியாழக்கிழமையில்தான் ஊழியத் தலைவர்கள் கூட்டம் என்று நான் வருவதை நிறுத்திவிட்டேன்.

கடைசியாக உங்களைக் கௌரவிக்க வேண்டும் என்று அபூனாவையும் குழுவையும் கூட்டிக்கொண்டு, பஸ்பூசா இனிப்புத் தட்டோடு மாடியேறினோம். கதவு பூட்டியிருந்தது. வாட்ச்மேன் மஹ்ரூஸ் கீழேயிருந்து சொன்னான்: "அம்மா காலையிலேயே பையைத் தூக்கிக்கிட்டு அக்கா ஊருக்குப் போயிட்டாங்கய்யா. 'தனியா இருக்கீங்களான்னு யாராச்சும் கேட்டு வந்தா, இனிமேதான் இருக்கப் போறேன்னு சொல்லிடு'ன்னாங்க."

ஓடெட் டீச்சர் அழுதுவிட்டார். அபூனா தாடியைத் தடவிக்கொண்டே, "கொண்டுவந்ததை வீணாக்க வேணாம்" என்றார். படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து தின்றோம், மஹ்ரூஸும்தான். ஸகரி எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். எகிறியிருந்தது. என் பங்கில் பாதியை மஹ்ரூஸிடம் கொடுத்துவிட்டேன், அண்ணி. அண்ணன் போன பிறகு அந்தக் கதவை எனக்காகத் திறக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். தனியாக இருந்தவன் நான்தானோ என்று அந்தப் படிக்கட்டில்தான் தோன்றியது.

போன வியாழன் என் வீட்டில் அந்தத் தொடரைப் போட்டேன். மருமகள் மாமியாரின் வளையலைத் திருடிவிட்டாள். திட்டுவதற்கு ஆளில்லை. நானே திட்டிப் பார்த்தேன், நன்றாக வரவில்லை.

ஆகவே தலைவர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் வாசலை இனி ஊழியம் மிதிக்காது. அக்கா வீட்டு விலாசம் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. திரும்பி வாருங்கள், அண்ணி. நான் மட்டும் வருகிறேன். சங்கீதம் இல்லை, மொச்சை இல்லை, கையைச் சுற்றும் அந்தப் பட்டையும் இல்லை.

உங்கள் முழங்காலுக்கு வலியில்லாத காலைகளையும், அக்காவுக்கு நீண்ட ஆயுளையும் தர ஆண்டவரை வேண்டும்,

உங்கள் அன்புக் கொழுந்தன்,
நாஷித்.

பி.கு.: உறையை ஒட்டும்போது அபூனா வந்துவிட்டார். ராஜினாமாவை ஏற்கவில்லை. "அவங்க எங்க இருக்காங்க?" என்று நேராகக் கேட்டார். விலாசத்தைச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மினிபஸ் வைத்துக் குழு முழுக்க ஜிர்ஜாவுக்கு வருகிறது. முன் சீட்டு எனக்காம். அதற்குள் வேறெங்காவது கிளம்பிவிடுங்கள், அண்ணி. எங்கே என்று மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள். அபூனா கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது.