எவரும் வராத வளைவு

ஆற்றில் நீந்த மனிதனுக்குத் தண்ணீர் மட்டும் போதும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆற்றுத்துறை அலுவலகத்தில் பதினேழு வருஷம் எழுத்தராகக் குப்பை கொட்டியும் அப்படி நம்பினேன் என்றால், என் புத்தியை என்னவென்று சொல்வது!

என் அக்கா தையல்காரி. பேருந்து விபத்தில் அவள் இடது முழங்கால் கெட்டுப்போனது. தரையில் அந்தக் கால் இழுத்தால்தான் வரும். தண்ணீரில் மட்டும் சொன்ன பேச்சு கேட்கும். தினமும் அரைமணி நேரம் நீந்தாவிட்டால் முட்டி மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மடங்காத காலை வைத்துக்கொண்டு தையல் மெஷினை எப்படி மிதிப்பது? நாணல் புதருக்குப் பின்னால் ஆறு வளைகிற இடத்தில் ஆறு வருஷமாக நீந்தினாள். சரிவில் அவள் கையைப் பிடித்து இறக்கிவிடுவதும் ஏற்றிவிடுவதும் என் வேலை.

அப்போதுதான் ஊரில் அந்தப் பைத்தியம் பரவியது. பெயர், இயற்கை நீச்சல். வெந்நீர் இல்லாவிட்டால் முகம்கூடக் கழுவாத மகராசர்கள் எல்லாம் கம்பளித் தொப்பியும் கணுக்கால்வரை அங்கியும் மாட்டிக்கொண்டு குளிர்ந்த ஆற்றில் தங்களையே தேடினார்கள். தேடும்போது போட்டோ எடுக்க ஆள் வேண்டும்.

எங்கள் இயக்குநரின் மனைவிக்கும் அது தொற்றியது. மறுநாளே சுற்றறிக்கை வந்தது: 'நீராடத்தக்க ஒதுக்குப்புறங்களைக் கண்டறிந்து, வந்துபோவோர் விவரத்துடன் பட்டியல் சமர்ப்பிக்கவும்.'

நான் சும்மா இருந்திருக்கலாம். வளைவைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, 'இவ்விடத்துக்கு எவரும் வருவதில்லை' என எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"யாருமே வர்றதில்லையா?"

"ஒரு ஈ காக்கா கிடையாது சார்."

"அடடா, இதைத்தானேய்யா தேடிக்கிட்டிருந்தோம்! உடனே எல்லாருக்கும் சொல்லணும்."

நெடுஞ்சாலையில் பலகை முளைத்தது: 'யாரும் அறியாத நீராடுமிடம், 2 கி.மீ.' ஒரே வாரத்தில் முந்நூறு பேர் வந்தார்கள். அத்தனை பேரும் கூட்டமாக இருக்கிறது என்று புகார் எழுதினார்கள். தனிமைக்குப் பங்கம் நேர்ந்ததை அலுவலகம் மிகக் கவலையுடன் பரிசீலித்து, தனிமை அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்தது. ஒரு சீட்டு, ஓர் ஆள், அரைமணி. உள்ளே இருப்பவர் தனியாகத்தான் இருக்கிறாரா என்று பார்க்க, கரையில் விசிலுடன் ஆறு காவலர்கள்.

அக்காவைச் சீட்டு ஜன்னலுக்குக் கூட்டிப்போனேன்.

"துணைக்கு ஆள் இருந்தா அது தனிமை ஆகாதும்மா" என்றார் சீட்டு கொடுப்பவர்.

"இறக்கிவிட்டுட்டுத் தம்பி போயிடுவான் சார்."

"ஏறும்போது?"

"வருவான்."

"அப்போ ரெண்டு பேர். விதியில இடமில்லை."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆறு வருஷமா இங்கதான் சார் நீந்துறேன்!"

அவர் பொறுமையாகக் கோப்பைப் புரட்டினார். "ஒருத்தரும் வந்ததில்லைன்னு இருக்கேம்மா. கையெழுத்துகூடப் போட்டிருக்காங்க. பாருங்க."

அக்கா பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

இரண்டு மாதம் மெஷின் ஓடவில்லை. முட்டி மரக்கட்டையாக இறுகியது. மூன்றாவது மாதம் ஒருநாள் சாயங்காலம் ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்தாள். மறுவாரம் மெஷின் சத்தம் கேட்டது.

"எந்த இடம்க்கா?"

"ஏன், எழுதிக்கவா?"

"கையை யார் பிடிக்கிறா?"

"பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு எழுதத் தெரியாது. நிம்மதியா இருக்கு."

சுருக்கென்று தைத்தது. ஆனால் என்ன செய்ய? பழைய வளைவு இயக்குநரின் மனைவிக்குச் சலித்துவிட்டதாம். புதிய ஒதுக்குப்புறம் கண்டறியும் கோப்பு என் மேசையில் கிடக்கிறது, வெள்ளிக்கிழமை கெடு. அக்கா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். நேற்று அவள் பின்னாலேயே நாலு தெரு நடந்தேன், திரும்பிப் பார்த்துவிட்டாள்.

உங்களுக்கு ஏதாவது இடம் தெரிந்தால் சொல்லுங்களேன். உங்கள் பெயர் வெளியே வராது. எவரும் வருவதில்லை என்றுதான் எழுதுவேன்.