இரவல் கருவளையம்

நைட்டி வியாபாரி காலித் பாய் இயற்கையை நேசிக்க ஆரம்பித்த அன்றுதான் என் பிழைப்புக்கு ஆபத்து வந்தது.

ஏனென்றால் என் தொழிலே இயற்கைக்கு எதிரானது. விம்கோ நகரில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஸ்டூடியோ. ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மவுஸ். வண்ணாரப்பேட்டை ஜவுளிக்காரர்கள் தங்கள் மாடல் பெண்களின் படங்களை அனுப்புவார்கள். பரு, மரு, தழும்பு, கழுத்து மடிப்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் துடைத்து, புதுப் பீங்கான் தட்டு மாதிரி திருப்பி அனுப்புவேன். ஒரு முறை ஆர்வக் கோளாறில் ஒரு சேலைக்காரப் பெண்ணின் தொப்புளையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. சேலை நன்றாகவே விற்றது.

இந்தப் பழக்கம் ஸ்டூடியோவோடு நிற்பதில்லை. எண்ணூருக்கு ரயிலில் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள்ளேயே புகைபோக்கிகளை அழிக்க ஆரம்பித்துவிடுவேன். சாம்பல் நிறத் தண்ணீருக்கு நீலம் ஏற்றுவேன். கண்டெய்னர் லாரி வரிசையை மொத்தமாகத் தூக்கிவிட்டு அங்கே நாலு கொக்கு வைப்பேன். கொக்குக்குக் கால் வரைந்து முடிப்பதற்குள் எண்ணூர் தாண்டிவிடும். அத்திப்பட்டில் இறங்கித் திரும்பும் வண்டிக்குக் காத்திருப்பேன். அங்கேயும் அழிக்க நிறைய இருக்கும்.

என் மனைவி கெங்கம்மா வேறு ரகம். நான் குறையை அழிப்பவன், அவள் குறையைக் கண்டுபிடிப்பவள். மாத்தூர் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டைகளை விளக்கடியில் விரித்துப் பார்ப்பாள். நூல் பிசிறு, விட்ட தையல், எண்ணெய்க் கறை எங்கே கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாள். அந்த ஸ்டிக்கரில் பாதி சுருள் அவள் கைப்பையில் வீட்டுக்கு வந்துவிடும். என் பனியன் ஓட்டையில் ஒரு அம்பு. நான் கழுவாமல் வைத்த டம்ளரில் ஒரு அம்பு. ஒரு நாள் தூங்கி எழுந்து பார்த்தால் என் தொப்பையில் ஒரு அம்பு. எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்த்தேன். என்னைத்தான்.

அந்த சனிக்கிழமை காலையில் காலித் பாய் போன் செய்தார்.

"அறிவு, இனிமே எடிட்டிங்கே வோணாம்பா."

"இன்னா பாய், எதுனா மிஸ்டேக்கா?"

"மிஸ்டேக்கே இல்லன்றதுதான் மிஸ்டேக்கு. ஆன்லைன் கம்பெனி ஒண்ணு பெரிய ஆர்டர் தர்றான். நெஜப் பொம்பள, நெஜ மூஞ்சி வோணுமாம். ஒரு புள்ளியத் தொட்டாலும் ஆர்டர் கேன்சலுன்றான்."

"அப்ப என் பொழப்பு?"

"அட, பேஜார் பண்ணாத. சாம்பிளுக்கு ஒரு படம் எடுத்து அப்படியே அனுப்பு. நல்லா இருந்திச்சின்னா இனிமே எல்லாமே இயற்கைதான். நல்லா இல்லன்னா அந்த ஆர்டரு நமக்கு ஒத்து வராதுன்னு வுட்டுட்றேன். பழையபடி நீ தொடச்சிக்கோ."

போனை வைத்தேன். மவுஸைப் பார்த்தேன். பாவம், ஒன்றும் தெரியாமல் அது மேசையில் படுத்திருந்தது.

அப்போதுதான் எனக்குள் ஒரு ஞானம் உதித்தது. இயற்கை என்றால் என்ன என்று பாய்க்குக் காட்டிவிட்டால் போதும். ஒரு நாள் முழுக்க நின்று வேலை செய்து, கம்பெனி வேனில் குலுங்கிக்கொண்டு, தலை கலைந்து, முகம் வழிந்து வீடு வரும் ஒரு பெண்ணை அந்த நிமிடமே நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். பாய் அலறிக்கொண்டு என்னிடம் திரும்பி வருவார். அப்படி ஒரு பெண் தினமும் என் வீட்டுக்கே வருகிறாள். வேறு எங்கே போய்த் தேடுவது?

இப்படி யோசித்த என்னை நீங்கள் திட்டலாம். நானே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே கேமராவுக்கு சார்ஜ் போட்டேன்.

சாயந்திரம் கெங்கம்மா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயத்தைச் சொன்னேன்.

"நானா? மாடலா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாய்யா தப்பு பண்ண?"

"தப்பு பண்ணாத்தான் உன்னப் போட்டோ எடுப்பனா?"

"கல்யாணத்துக்கு அப்பறம் நீ என்ன எடுத்ததெல்லாம் பாஸ்போர்ட் சைசுதான். அதான் கேக்கறேன்."

"உன் அழகு ஒலகத்துக்குத் தெரியட்டும்மே."

"இரு, மூஞ்சி கழுவிகினு வர்றேன்."

"ஐயோ கழுவாத! இயற்கை போய்டும்!"

அவள் கண்ணைச் சுருக்கினாள். சட்டையில் பிசிறு தெரிந்தால் இப்படித்தான் சுருக்குவாள். ஆனாலும் பாய் அனுப்பியிருந்த நைட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வரும்போது தோளில் துண்டு.

"நைட்டி விளம்பரத்துல துண்டு எதுக்கு?"

"இந்தத் தெருவுல துண்டில்லாம எவ நைட்டி போட்டுகினு வெளிய வர்றா? நெஜம் வோணும்னுதான கேட்டான்? துண்டுதான்யா நெஜம்."

சரி, துண்டும் சேர்ந்தால் படம் இன்னும் கெடும் என்று சந்தோஷப்பட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கேதான் என் திட்டத்தில் ஓட்டை விழுந்தது. சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணூர்ப் புகையும் லாரிப் புழுதியும் கடற்காற்றும் கலந்து வானம் முழுக்க ஒரு மெல்லிய திரை கட்டியிருந்தது. இருபது வருஷமாக என் படங்களிலிருந்து நான் துடைத்துத் தள்ளிய அதே மங்கல். வெயிலை அது வடிகட்டி, பால் மாதிரி ஆக்கி, கெங்கம்மாவின் முகத்தில் ஊற்றியது. அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். தூரத்தில் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் ஒன்று நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாடியில் வடகம் எடுக்க வந்த சொக்கம்மாள் கத்தினாள்.

"இன்னா கெங்கா, சினிமால சேந்துட்டியா?"

கெங்கம்மா திரும்பிச் சிரித்தாள். என் விரல் என்னைக் கேட்காமலே பட்டனை அமுக்கிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுக்கு மேல் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அறை இருந்தது, நான் இருந்தேனா என்பது சந்தேகம். கலைந்த முடி காற்றில் பறந்தபடியே நின்றது. காதோரத்து நரை வெள்ளி இழை மாதிரி மின்னியது. மேலுதட்டு வியர்வையில் ஒரு சொட்டு வெளிச்சம். சிரிப்பு கண்ணில் தொடங்கி வாய்க்கு வந்துகொண்டிருந்தது, இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. நான் அது வந்து சேரட்டும் என்று காத்திருந்தேன். இந்தப் பெண் யார், இவ்வளவு நாள் எங்கே இருந்தாள், கீழே மீன் குழம்பு வைத்தவள் இவள்தானா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு என் மனைவி மேல் காதல் வந்துவிட்டது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் கழித்து, அதுவும் தொழிலுக்கே உலை வைக்கும் நேரத்தில்.

மவுஸை எடுத்துக்கொண்டு குறை தேடினேன். ஒன்றுகூட இல்லை. இந்தப் படம் பாய் கண்ணில் பட்டால் நான் காலி.

வேறு வழியே இல்லை. குறையை நானே வைக்க வேண்டும்.

ஒரு கருவளையம் போதும். என் பெட்டகத்தில் ஆயிரக்கணக்கான முகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். துடைத்தபின் அசலை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை, எல்லாம் பீங்கான் தட்டு. ஊர் உலகத்துக் கருவளையத்தையெல்லாம் அழித்தவனிடம், ஒரு அவசரத்துக்கு உதவ ஒரு வளையம் இல்லை! தலையில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே கண்ணாடி. அதில் ஒரு ஜோடி கருவளையம், பை சகிதமாக, தயாராக இருந்தது.

கேமராவைத் திருப்பி என்னையே எடுத்தேன். இடது கண்ணடியும் வலது கண்ணடியும் வெட்டி அவள் முகத்தில் பொருத்தினேன். நிறம் சேர்த்தேன், ஓரம் குழைத்தேன். பிரமாதமான வேலை. கெங்கம்மா ஒரு வாரம் தூங்காதவள் மாதிரி ஆகிவிட்டாள். மனசு கேட்கவில்லைதான். அனுப்புவதற்கு முன்னால் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டேன். மீன் குழம்பு நல்ல கெட்டி.

கனவில் நான் ஒரு கப்பலில் போய்க்கொண்டிருந்தேன். கடல் நீலமாக இருந்தது, நான் ஏற்றாத நீலம். மேல்தளத்தில் துண்டு போட்ட ஒரு பெண் நின்றாள். அவள் முகம் திரும்பும் நேரத்தில் கன்னத்தில் என்னவோ ஒட்டியது.

விழித்தேன். பக்கத்தில் கெங்கம்மா நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரே டம்ளர். திரையில் அவள் படத்தின் இடது கண்ணுக்குக் கீழே ஒரு சிவப்பு அம்பு. என் இடது கண்ணுக்குக் கீழேயும் ஒன்று.

"இன்னாமே இது?"

"இந்தக் குழி எனக்கு ஏதுய்யா?"

"எந்தக் குழி?"

"படத்துல கண்ணுக்குக் கீழ, அம்மை போட்ட குழி. எனக்கு அம்மையே போடல. உனக்குத்தான் போட்டுச்சி. உன் வளையத்தக் கொண்டாந்து என் மூஞ்சில ஒட்டிகீற."

"அது... வெளிச்சம் அப்படி..."

"டபாய்க்காத. ஒரு நாளைக்கி எத்தினி சட்டை பாக்கறேன், ஒட்டுப்போட்ட துணி எனக்குத் தெரியாதா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாய், ஆர்டர், பிழைப்பு, நான் போட்ட திட்டம், அது கெட்ட விதம், எல்லாம். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"நான் நல்லா கீறது உனக்கு இன்னாய்யா நஷ்டம்?" என்று மட்டும் கேட்டாள். குரல் லேசாக உடைந்தது.

"நஷ்டமே இல்ல கெங்கா. ஒண்ணுமே தேறல. எங்க தேடியும் ஒரு கொறையும் தேறல" என்றேன். என் வாழ்க்கையிலேயே நான் சொன்ன மிக அழகான உண்மை அதுதான். அதை ஒரு திருட்டை ஒத்துக்கொள்ளும்போது சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அவள் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். "சரி வுடு. தொடாத படத்த பாய்க்கு அனுப்பிட்டேன்."

"எப்போ?"

"நீ கொறட்ட வுட்டுகினு இருந்தப்போ. உன் கம்ப்யூட்டர்லயே வாட்ஸாப் தொறந்துதான கீது."

அரை மணி நேரத்தில் பாய் போன் வந்தது. காதில் இருந்து தள்ளி வைத்துத்தான் கேட்க முடிந்தது.

"அறிவு! சோக்கா கீதுபா! கம்பெனிக்காரன் ஆடிப்போய்ட்டான். அந்தத் துண்டையும் சேத்து செட்டா தர முடியுமான்றான். இனிமே எல்லாப் படமும் உன் மாடிலதான். எந்தப் படம் போலாம், எது வோணாம்னு உன் வூட்டம்மாதான் செக் பண்ணணும். கம்பெனிக்காரன்ட்ட நான் பேசிட்டேன்."

அப்பாடா, பிழைப்பு தப்பியது. தலைக்கு மேல் ஒரு அதிகாரி வந்துவிட்டாள், அவ்வளவுதான். "ரொம்ப சந்தோஷம் பாய்" என்றேன்.

"அப்பறம் அந்த ரெண்டாவது படமும் ஓகே."

"எந்த ரெண்டாவது?"

"உன் வூட்டம்மா போன்ல எடுத்து அனுப்பிச்சிதே, நீ லுங்கியோட சேர்ல தூங்கற படம்? வாயத் தொறந்துகினு, தொப்ப மேல கைய வச்சிகினு! நம்ம கடை லுங்கிக்கு இத்தவிட விளம்பரம் ஏதுபா? அதுக்கும் ஆர்டர் தர்றான். இந்த மாதிரி நிம்மதியத் தேடித்தான் ஊரே அலையுதுன்றான் கம்பெனிக்காரன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு பேனர் அடிக்கறோம்."

கெங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியாகக் கப்பலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"பாய், கால்ல வுழறேன். ஒரே ஒரு டச். தல மேல மட்டும் கொஞ்சம் முடி..."

"தொட்டியோ, ரெண்டு ஆர்டரும் கேன்சல்!"

ஊருக்கே அழகு போட்ட கை, தன் முகத்துக்கு உதவ முடியாமல் சும்மா கிடந்தது.

அடுத்த வாரம் திருவொற்றியூர் தேரடியில் பேனர் ஏறியது. 'எதையும் திருத்தவில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் முதல் வேலையாகத் தலைக்கு மை அடித்தேன். மீசைக்கும் அடித்தேன். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு, பேனருக்குக் கீழே போய் நின்றேன். நேரில் பார்ப்பவர்களாவது உண்மையைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். மேலே கெங்கம்மா சிரித்துக்கொண்டிருந்தாள், அவள் பக்கத்தில் நான் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறுவதுகூடத் தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் தெருவில் பூக்கடை வைத்திருக்கும் பட்டம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். பேனரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் பேனரைப் பார்த்து முகவாயில் கை வைத்துக்கொண்டாள்.

"கெங்கா மூஞ்சி ராணி மாதிரி கீதுப்பா. ஆனா இன்னா அறிவு, உங்க நைனா எப்பவோ போய்ச் சேந்துட்டாருன்னு சொன்னியே?"