கோப்பை அல்லது குட்டி

நாலாவது நாய் வாங்கியே தீருவது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பெயர்கூட வைத்தாகிவிட்டது. ஏவுகணை.

ஊருக்கு அவர் ‘ஸ்டியரிங் சார்’. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். எவனாவது வண்டியைச் சுவரில் முட்டிவிட்டு "பிரேக் சரியில்ல சார்" என்று சொல்லிவிட்டால் போதும், வறுத்தெடுத்துவிடுவார். "வண்டி மேல பழி போடாதே! குறை ஓட்டுறவர்கிட்டதான்!" இந்தப் பொன்மொழியைப் பள்ளிச் சுவரில் எழுதியும் மனம் ஆறாமல், சிவப்புப் பனியன் அடித்து அதன் முதுகிலும் கொட்டை எழுத்தில் போட்டு மாட்டிக்கொண்டு திரிந்தார்.

நாய்களின் தடை ஓட்டப் போட்டிக்குப் போனால் மட்டும் சட்டம் மாறிவிடும். கம்பி தாண்டி, குழாய்க்குள் நுழைந்து, இரு முனையும் மேலும் கீழும் ஆடும் சீசாப் பலகையில் ஏறி இறங்க வேண்டியது நாய். கூடவே ஓடி வழிகாட்ட வேண்டியது இவர். தோற்றால்? நாய் சரியில்லை.

முதல் நாய் ராக்கெட். சீசாவின் நடுவில் ஏறி நின்று ஊரை வேடிக்கை பார்த்தது. நாய் சரியில்லை, ஓய்வு கொடுத்துவிட்டார். ஓய்வு என்றால், அன்றிலிருந்து அது மனைவியின் தலையில். தின்று தின்று உருண்ட அதற்கு அவள் ‘தலையணை’ என்று பெயர் மாற்றினாள். இரண்டாவது புயல். குழாய்க்குள் போன புயல் கரையைக் கடக்கவே இல்லை. அதற்கும் ஓய்வு. மூன்றாவது மின்னல். இன்று அதற்குப் போட்டி.

கிளம்பும்போதே ஆரம்பித்தார்.

"இன்னிக்கு மின்னல் தோத்துச்சுன்னா நாலாவது நாய். சொல்லிட்டேன்."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா அதுக்குத் துணைக்கு ஒண்ணு வேணாமா?"

"அடேங்கப்பா! பூ விழுந்தாலும் உங்களுக்கு, தலை விழுந்தாலும் உங்களுக்கா? இப்படி வெச்சுக்கலாம். நம்ம வீட்டு நாய் ஒண்ணாவது இன்னிக்கு ஜெயிச்சா, நாலாவது பேச்சையே எடுக்கக் கூடாது. எல்லாம் தோத்துச்சுன்னா குட்டியை நானே மடியில வெச்சுக் கொண்டு வரேன்."

அவர் மனக்கணக்குப் போட்டார். ஜெயித்தால் கோப்பை, தோற்றால் குட்டி. பாவம், ஏமாந்துவிட்டாள்! விசிலடித்துக்கொண்டே சிவப்புப் பனியனை மாட்டினார்.

"தலையணையை எதுக்கு வண்டியில ஏத்துறே?"

"அதுவும் நாலு மனுஷங்க முகத்தைப் பார்க்கட்டுமே."

மைதானத்தில் ஒரே கூச்சல், குரைப்பு. கயிற்றுக்கு வெளியே குட்டி வியாபாரி கூடையோடு தயாராக நின்றார். "சார், உங்களையே பார்க்குது பாருங்க!"

குழாயும் சீசாவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அதுவரை வந்த நாயெல்லாம் அங்கேதான் கவிழ்ந்திருந்தன.

விசில்! மின்னல் பாய்ந்தது. கம்பி! அடுத்த கம்பி! வளையம்! கூட்டம் எழுந்தே நின்றுவிட்டது. "குழாய்! குழாய்!" என்று தொண்டை கிழியக் கத்தினார் அவர். வாய்தான் குழாய் என்றது. காலும் தோளும் சீசாவைப் பார்த்துத் திரும்பியிருந்தன. கால் காட்டிய பக்கம் போன மின்னல் சீசாவில் ஏறியது. நடுவர் கையை உயர்த்தினார். அவுட்.

அவர் முகம் வாடியது. உடனே மலர்ந்தது. "நாய் சரியில்ல!" என்று ஆனந்தமாக அறிவித்துவிட்டுக் கூடையிலிருந்து குட்டியை வாரி எடுத்தார். "வாடா என் ஏவுகணை!"

மனைவி தன் கைப்பையை அவர் கழுத்தில் மாட்டினாள். "கொஞ்சம் வெச்சிருங்க."

"எங்கே போறே?"

"அடுத்து ராக்கெட்!" என்றது ஒலிபெருக்கி.

"ஏம்மா, வாசல் வரைக்கும் போனாலே அதுக்கு மூச்சு வாங்குமே!"

"தலையணைக்கும் பேர் குடுத்திருக்கேன். எல்லாம் தோத்தாதானே குட்டி? இது இன்னும் தோக்கலையே."

அவள் கத்தவில்லை, கை காட்டவில்லை. வீட்டில் கை என்றைக்குக் காலியாக இருந்தது, நாய்க்குக் காட்ட? ஒரு கையில் துணிவாளி, மறு கையில் குப்பைக்கூடை. தோள் திரும்பினால் திரும்பணும், முழங்கால் நீண்டால் ஒதுங்கணும். இல்லாவிட்டால் வாளித் தண்ணீர் தலையில். இத்தனை வருஷம் அந்த நாய் படித்த பாடம் அது.

கம்பி! வளையம்! தோள் லேசாகத் திரும்பியது. குழாய்க்குள் உருண்டு போனது தலையணை. வெளியே வந்து சீசாவில் ஏறியது. நடுவில் நின்றது. அதே பழைய இடம்!

அவருக்கு உயிர் வந்தது. குட்டிக்கு முத்தம் கொடுத்தார்.

அவள் இறங்கும் முனையில் போய், சாப்பாடு வைத்துவிட்டுக் காத்திருக்கிறவள் மாதிரி சும்மா நின்றாள். பலகை ஆடியது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. தலையணை ஒரு பெருமூச்சு விட்டு, குலுங்கிக் குலுங்கி இறங்கியது. கடைசிக் கம்பி... தாண்டியேவிட்டது!

மைதானமே அதிர்ந்தது. அன்று தப்பில்லாமல் ஓடிய ஒரே நாய் அதுதான்.

வியாபாரி குட்டியைத் திரும்ப வாங்கிக் கூடைக்குள் வைத்துக்கொண்டார். "சார், மனசைத் தேத்திக்கோங்க."

படம் பிடிக்க வந்தவர் அவரையும் கூப்பிட்டார். போனது போகட்டும், படத்திலாவது நிற்போம் என்று தலையைக் கோதிவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார் அவர்.

"ஏங்க, அப்படி இல்ல. திரும்பி நில்லுங்க" என்றாள் மனைவி.

"முகம் தெரியாதேம்மா!"

"முகம் எதுக்கு? படிக்கிற மாதிரி எழுதி வெச்சிருக்கிறது பின்னாடிதானே?"

படம் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. கோப்பையோடு மனைவி, நாக்கைத் தொங்கப்போட்டபடி தலையணை, நடுவில் அவருடைய முதுகு.